"மக்கு" என்பவன் யார்?



தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் "படிப்பு ஏறாதவர்கள்" என்று ஒதுக்கப்பட்ட வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறான். மாதத்தில் பத்து நாள் வருவதில்லை. உபாத்தியாயர் "மக்கு" என்கிறார். தகப்பன் "அவன் தலையெழுத்து" என்கிறான். மறு வருஷம் பையன் மெக்கானிக் கடையிலோ, கட்டட வேலையிலோ இருக்கிறான். அந்தத் தலையெழுத்தைப் படித்துப் பார்த்தவர் யார் என்று கேட்கிறோம்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களைப் பாருங்கள். 2000 முதல் நகரத்துக் குடிசைவாசிகளைக் கொண்டுவந்து குடியேற்றிய இடங்கள் இவை. 2004 சுனாமிக்குப் பின்னும், 2015 வெள்ளத்துக்குப் பின்னும் மேலும் பலர் வந்தார்கள். பழைய பள்ளிக்கூடம் எங்கோ, புது வீடு எங்கோ! இப்படிப் பிடுங்கி நடப்பட்ட பிள்ளை படிப்பை விட்டால் அது தலையெழுத்தா? மனிதன் செய்த ஏற்பாட்டின் பலனா?

ஆகவே பிள்ளைக்குப் புத்தி உண்டு. அது வெளிவர வழி வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அவ்வழிகளில் ஒன்று, பிள்ளைகளையே வீடியோப் படம் எடுக்கச் செய்வது.

இது வெறும் கற்பனையல்ல. 1984இல் ஆமதாபாத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கத்தாருக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அம்மையார் வீடியோ எடுக்கக் கற்றுக் கொடுத்தார். கற்றவர்களில் காய்கறி விற்பவர்களும், எழுத்து வாசனையே இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களே படம் பிடித்தார்கள். தங்கள் கஷ்டங்களை அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அதே 1984இல் நியூயார்க்கில் ஸ்டீவன் குட்மன் என்பவர் எஜுகேஷனல் வீடியோ சென்டர் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, படிப்பில் பின்தங்கிய வாலிபர்களைத் தங்கள் தெருவின் சங்கதிகளையே ஆராய்ந்து படமெடுக்கச் செய்தார்.

படமெடுத்தால் பாடம் வருமா என்று கேட்பீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் புகுந்ததே, அதைப் பற்றி மூன்று நிமிஷப் படம் எடு என்று சொல்லுங்கள். அடையாறு எங்கே தொடங்குகிறது, எந்த ஏரியின் உபரித் தண்ணீர் அதில் விழுகிறது, வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று பிள்ளை விசாரிக்க வேண்டும். அது பூகோளம். பெரியவர்களிடம் கேட்டதை எழுதி, அடித்து, திருத்தி, உரக்கப் படிக்க வேண்டும். அது தமிழ்ப் பாடம். விநாடிக்கு 25 படம் வீதம் மூன்று நிமிஷத்துக்கு 4,500 படம். அது கணக்கு. வெள்ளம் தெய்வத்தின் கோபமல்ல, காரணமுள்ள காரியம் என்று தானே கண்டுகொள்வான். அதுவே அறிவு.

இன்னொரு லாபமும் உண்டு. 1896இலேயே பிரான்சு தேசத்துச் செப்பிடுவித்தைக்காரர் ஜார்ஜ் மெலியே, நாற்காலியில் இருந்த பெண் மாயமாய் மறைவதாகப் படம் காட்டினார். கேமராவை நிறுத்தி, அவளை எழுந்து போகச் சொல்லி, மறுபடி ஓட்டினார், அவ்வளவே! இந்தத் தந்திரத்தைப் பிள்ளைகள் செல்போனில் பத்து நிமிஷத்தில் செய்து பார்க்கலாம். தன் கையால் அற்புதம் செய்தவனை "அற்புத வீடியோ" அனுப்பி யாரும் ஏய்க்க முடியுமா?

"செல்போனே பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்பார்கள். வெறுமனே பார்த்துக் கொண்டிருப்பது கெடுக்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, ஆக்குவது வேறு. சாப்பிடத் தெரிந்தவனெல்லாம் சமையற்காரனாகிவிட மாட்டான். 2022இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அரசுப் பள்ளிகளில் சிறுவர் படங்களைக் காட்ட ஏற்பாடு செய்தது. நல்ல காரியந்தான். பார்த்தவர்களையே எடுக்கவும் செய்வது அடுத்த படி.

ஆனால் கேமராவை மட்டும் கொடுத்துவிட்டு உபாத்தியாயர் ஒதுங்கிக் கொண்டால் அது விளையாட்டாகவே முடியும். "ஏன்? எப்படி? யார் சொன்னது? நீ நேரில் பார்த்தாயா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எவரையும் அவர் சம்மதமின்றிப் படம் பிடிக்கலாகாது என்பதையும் கற்பிக்க வேண்டும். பெண் பிள்ளைகளை நடிக்க மட்டும் நிறுத்திவிட்டுக் கேமராவைப் பையன்களே வைத்துக்கொள்ள விடக்கூடாது.

தோழர்களே! வகுப்புக்கு ஒரு செல்போன், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கேள்வி கேட்கும் உபாத்தியாயர் ஒருவர். இவ்வளவு போதும். முடிந்த படத்தைத் தெருவில் வெள்ளைத் துணி கட்டி ஊராருக்குக் காட்டுங்கள். நேற்றுவரை மக்கு என்ற பையன், தன் ஊரின் தண்ணீர்க் கணக்கைச் சொல்லுவான். நாம் உட்கார்ந்து கேட்போம். அதன் பிறகு மக்கு யார் என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள் என்று கூறி, இத்துடன் நிறுத்திக் கொள்ளுகிறோம்.