கொண்டைக்குக் கொண்டை ஜோடி சேர்க்காதீர்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் இப்போது பல பால்கனிகளில் ஃபின்ச் கூண்டு தொங்குகிறது. அதில் பாதிக்கு மேல் என் வீட்டிலிருந்து போன குருவிகள். "ஆரம்பிச்சு வெச்சது நீங்கதான் சார், நீங்களே வந்து பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் உயிரியல் படித்தவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் எழுதியவன். அதனால் எனக்குத் தெரிந்த கணக்கு வழியாகவே சொல்கிறேன். கூடவே ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் வளர்ப்பது பெரும்பாலும் ஜீப்ரா ஃபின்ச். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காட்டில் இருப்பது சாம்பல் நிறம். ஆணுக்குக் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டும், விலாவில் வெள்ளைப் புள்ளிகளும் உண்டு. மூக்கு நல்ல சிவப்பு. பெண்ணுக்கு ஆரஞ்சு மூக்கு. வெள்ளை, ஃபான் என்னும் இளம்பழுப்பு, பைடு என்னும் திட்டுத்திட்டான நிறம், தலையில் கொண்டை, இவையெல்லாம் கூண்டில் தற்செயலாகத் தோன்றி மனிதர்கள் பெருக்கிக்கொண்டவை. அழகுதான். ஆனால் எதை எதனோடு சேர்க்கிறோம் என்று பார்க்காவிட்டால் குஞ்சுதான் விலை கொடுக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பி பிளாக்கில் ஒரு சிறுமி பிறந்தநாளுக்குக் குருவி கேட்டாள். என்னிடம் இருந்ததிலேயே அழகான கொண்டை ஆணையும் கொண்டைப் பெண்ணையும் ஜோடியாகக் கொடுத்தேன். முதல் ஈட்டில் ஐந்து முட்டை, மூன்று குஞ்சு. அடுத்த ஈட்டிலும் இரண்டு முட்டை பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே உயிர் உருவாகி நின்றுபோயிருந்தது. "தாத்தா, ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "நீ அடிக்கடி பானைக்குள்ளே கை விடறே இல்லே, அதனாலதான்" என்று சொல்லிவிட்டேன். குழந்தை முகம் சுருங்கிப் போய்விட்டது. அதன் பிறகு கூண்டுப் பக்கமே அவள் வருவதில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

எனக்கு மனசு உறுத்தியது. என் குருவி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எந்த ஜோடி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று தேதிவாரியாக எழுதி வைப்பது என் பழைய வழக்கம். என் வீட்டிலும் கொண்டைக்குக் கொண்டை சேர்த்த ஜோடிகள் இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்துக் கரு பிடித்த முட்டைகளை மட்டும் கூட்டினால் 46. பொரித்தது 31. நான் பானைக்குள் கையே விடுவதில்லை! அப்போதுதான் விவரம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் உடம்பில் இரண்டு பதிவு உண்டு. நம் டபுள் என்ட்ரி மாதிரி, ஒன்று அப்பா பக்கம், ஒன்று அம்மா பக்கம். குஞ்சு உருவாகும்போது அப்பாவின் இரண்டில் ஒன்றும், அம்மாவின் இரண்டில் ஒன்றும் காசு சுண்டிப் போட்ட மாதிரி வந்து சேரும். மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வைத்துக் கண்டுபிடித்து 1866-இல் அச்சிட்ட கணக்கு இது.

கொண்டை என்பது ஒரு பதிவு வந்தாலே வெளியில் தெரியும் குணம். இரண்டு பக்கமும் கொண்டை வந்துவிட்டால் அந்தக் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். ஆகவே உயிரோடு இருக்கும் எந்தக் கொண்டைக் குருவிக்கும் ஒரு பதிவு கொண்டை, ஒரு பதிவு சாதா. பெங்காலி ஃபின்ச்சுக்கும் கேனரிக்கும் இதே கணக்குதான்.

இப்போது 100 முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்குக் கொண்டை சேர்த்தால் சராசரியாக 25 இறக்கும், 50 கொண்டை, 25 சாதாத் தலை. கொண்டைக்குச் சாதாத் தலை சேர்த்தால் 50 கொண்டை, 50 சாதா, இந்தக் காரணத்தால் இறப்பது ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் கொண்டைக் குஞ்சு அதே ஐம்பதுதான்! வரவில் ஒரு பைசா கூடவில்லை, செலவில் மட்டும் 25 உயிர். இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சராசரி என்பதால் ஒரு ஈட்டில் எல்லாமே பொரிக்கலாம், இன்னொன்றில் இரண்டு போகலாம். அதனால்தான் பலர் கவனிப்பதில்லை.

ஜோடிகளைப் பிரித்து மாற்றினேன். அதற்குப் பின் என் நோட்டில் கரு பிடித்த முட்டை 44, பொரித்தது 40.

அடுத்து வெள்ளை, பைடு. இவை இரண்டு பக்கமும் பதிவு இருந்தால்தான் வெளியில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பார்க்கச் சாம்பல், உள்ளே மறைந்திருக்கும். இதை ஸ்பிளிட் என்பார்கள். வெள்ளைக்கு வெள்ளையே சேர்த்தால் எல்லாம் வெள்ளை வரும், கொண்டை மாதிரி சாகாது. ஆனால் நிறத்துக்காக அதே சிறு கூட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் குருவி சிறுத்து, நோஞ்சானாகிவிடும். நடுவில் ஒருமுறை நல்ல உடல்கட்டுள்ள சாம்பல் குருவியைச் சேர்த்து, அந்த ஸ்பிளிட் குஞ்சை உறவில்லாத வெள்ளையோடு சேருங்கள். பாதிக் குஞ்சு வெள்ளையாக வரும், உடம்பும் தேறும்.

ஃபான் நிறம் கொஞ்சம் வேடிக்கையானது. இந்தப் பதிவில் ஆணுக்கு இரண்டு பத்தி, பெண்ணுக்கு ஒரே பத்தி. அந்த ஒன்றும் அப்பாவிடமிருந்துதான் வரும். ஆகவே ஃபான் ஆணையும் சாம்பல் பெண்ணையும் சேர்த்தால் மகள்கள் எல்லாம் ஃபான், மகன்கள் எல்லாம் சாம்பல் ஸ்பிளிட். இறகு முளைத்ததும் நிறத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். திருப்பிச் சேர்த்தால் எல்லாம் சாம்பலாகவே வரும். "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று சண்டைக்குப் போகாதீர்கள், மகன்களுக்குள் ஃபான் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகளாகத் தன் காட்டுப் பறவைகளை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. நம்மிடம் இருப்பவை எல்லாம் கூண்டிலேயே பிறந்து பெருகியவை. ஏற்கெனவே உறவு நெருக்கம் இருக்கும். ஒரே கூண்டிலிருந்து இரண்டை எடுத்து வந்தால் அண்ணன் தங்கையாகவே இருக்கலாம். பல்லாவரம் சந்தையில் ஆணை வாங்கினால் பெண்ணை வேறு இடத்தில் வாங்குங்கள். நம் வளாகத்துக்குள் மாற்றிக்கொள்ளும்போது எந்த வீட்டு எந்த ஜோடிக் குஞ்சு என்று எழுதிக் கொடுங்கள். காலில் நிற வளையம் போட்டால் குழப்பமே வராது.

நிறம் எதுவானாலும் உடம்பு முதலில். மூன்று மாதத்திலேயே முட்டையிடும், ஆனால் ஒன்பது மாதமாவது ஆகட்டும். சின்ன வயதுப் பெண்ணுக்கு முட்டை சிக்கி உயிரே போய்விடும். வருடத்துக்கு மூன்று ஈட்டுக்கு மேல் வேண்டாம், பானையை எடுத்துவிடுங்கள். தினையோடு நிறுத்தாமல் கணவாய் ஓடு, கீரை, குஞ்சு இருக்கும் நாட்களில் வேகவைத்த முட்டை கொடுங்கள். 12 முதல் 14 நாளில் பொரிக்கும். குஞ்சு ஐந்தாறு வாரத்தில் தானாகத் தின்னும். அதற்குப் போக வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பானையை வையுங்கள். நம் ஊர்ச் சில்லைக் குருவிகளை யாராவது கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள், 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கணக்கு புரிந்த மறுநாளே நோட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சிறுமி வீட்டுக்குப் போனேன். "கண்ணு, குஞ்சு செத்ததுக்கு நீ காரணம் இல்லே. ஜோடி சேர்த்துக் கொடுத்த தாத்தாதான் காரணம். தப்புக் கணக்கு போட்டுட்டேன்" என்று சொல்லி, 46-ஐயும் 31-ஐயும் காட்டினேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப கொண்டை இல்லாத ஒரு பொண்ணு குடுங்க தாத்தா" என்றாள். கொடுத்தேன். இப்போது அவளே தனி நோட்டுப் போட்டு எழுதுகிறாள். என்னை விடக் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

வங்கியில் தவறான பதிவை மறுநாள் திருத்தி எழுதலாம். முட்டைக்குள் போட்ட பதிவைத் திருத்த முடியாது. கொண்டைக்குக் கொண்டை வைத்திருக்கும் வீடுகள் இந்த வாரமே சொல்லுங்கள். என்னிடம் சாதாத் தலைக் குருவிகள் இருக்கின்றன, பணம் வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.