உப்பும் நரம்பும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வணிகவியல் படித்து, வங்கியில் எழுத்தராக இருந்தவன், மருத்துவன் இல்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்று உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்பதால்தான் பேச வந்தேன்.

என் அக்காவுக்கு 75 வயது. இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன சித்திரையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. சாப்பாடு இறங்கவில்லை, வெறும் தண்ணீராகக் குடித்தார். மூன்றாம் நாள், "அப்பா கடலுக்குப் போய் இன்னும் கரைக்கு வரலையே" என்றார். அப்பா இறந்து முப்பது வருடம் ஆகிறது. வயதானால் இப்படித்தான் என்று நாங்கள் ஒரு நாளை வீணாக்கினோம். பரிசோதனையில் இரத்தத்தில் சோடியம் 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

சோடியம் நாம் சாப்பிடும் உப்பில் இருப்பதுதான். நரம்புச் செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். செல்லின் சவ்வில் உள்ள ஒரு பம்பு ஒவ்வொரு முறையும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசியவும் செய்யும். அதனால் செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் நிற்கிறது. சேதி வந்ததும் சோடிய வாசல்கள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும். அதனால் பக்கத்து வாசல்களும் திறக்கும். இப்படியே சேதி நரம்பின் முனைவரை ஓடுகிறது. முனையில் ஒரு வேதிப்பொருள் சுரந்து அடுத்த செல்லைத் தொடுகிறது.

இதைக் கண்டறிய உதவியது நம் வலையிலும் விழும் ஊசிக்கணவாயின் இனம். அதன் பெரிய நரம்பிழை கண்ணுக்கே தெரியும் அளவு தடிமனானது. அதில் ஆராய்ந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். குழப்பம், அதிகத் தூக்கம், தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு வரலாம். அதை வேகமாக ஏற்றினாலும் மூளைக்குக் கேடு. அதனால்தான் மருத்துவர் அக்காவுக்கு நாலு நாளில் மெதுவாக ஏற்றினார். இப்போது அவரே மீன் ஆய்கிறார்.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். இதைக் கேட்டுவிட்டு உப்பை அள்ளிப் போடாதீர்கள். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை அப்படியே இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் வெறும் தண்ணீரோடு நிற்காமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் திடீரென்று மாற்றிப் பேசினால் வயதின்மேல் பழி போடாமல், மாத்திரைச் சீட்டோடு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

நாங்கள் இழந்த அந்த ஒரு நாளை நீங்கள் இழக்க வேண்டாம்.