முழங்கால் வலிக்குத் தோல் வழியாக மருந்து



நம் சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். வயது ஏற ஏற முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

உடனே என்ன செய்கிறோம்? கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம். சிறுநீரகமும் கெடலாம்.

டைக்ளோபினாக் என்ற வலி மருந்து, தடவும் களிம்பாகவும் கிடைக்கிறது. மாத்திரையால் ரத்தத்தில் சேரும் மருந்து 100 பங்கு என்றால், களிம்பால் சேர்வது சுமார் 6 பங்குதான். அதனால் வயிற்றுக்குத் தொல்லை குறைவு. முழங்கால், கைவிரல் மூட்டுகள் தோலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே களிம்பு வேலை செய்யும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது. அங்கே எட்டுவது கடினம்.

ஏன் இவ்வளவு குறைவாக உள்ளே போகிறது? தோலின் மேல் அடுக்கு தாளைவிட மெல்லியது. ஆனாலும் அது ஒரு சுவர். காய்ந்த செல்கள்தான் செங்கல். இடையில் உள்ள கொழுப்புதான் சாந்து. ஆடி மழையில் நனைந்தாலும் தண்ணீர் உடம்புக்குள் இறங்குவதில்லையே! அந்தச் சுவர்தான் காரணம். மருந்தையும் அது தடுக்கிறது.

சாந்தைக் கொஞ்ச நேரம் இளக வைத்தால்? விஞ்ஞானிகள் பல பொருள்களைச் சோதித்தார்கள். அதில் ஒன்று நம் ஏலக்காய் எண்ணெய்! 1999-இல் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் அதன் வாசனைப் பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். இண்டோமெத்தசின் என்ற மூட்டுவலி மருந்தோடு பயன்படுத்திப் பார்த்தார்கள். மருந்து தோலைக் கூடுதலாகக் கடந்தது. நாம் முழங்கால் நோக எடுக்கும் காய்க்குள் இப்படி ஒரு குணம்!

ஆனால் அது ஆய்வுக்கூடச் சோதனை. வீட்டில் ஏலக்காய் எண்ணெயைக் களிம்போடு கலக்காதீர்கள். கதவைத் திறந்தால் மருந்து மட்டுமா நுழையும்? செடிக்கு அடித்த பூச்சிமருந்தும் நுழையலாம்.

ஆகவே வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். ஈரம் துடைத்துவிட்டுத் தடவுங்கள். புண் மேல் தடவக் கூடாது. தடவிய இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். ஒரு நாள் தடவிவிட்டு, 'மருந்து கேட்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகக் கேட்க ஓரிரு வாரம் ஆகலாம். எவ்வளவு, எத்தனை வேளை என்று டாக்டரிடம் கேளுங்கள். வேறு வலி மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் கேட்காமல் தடவவே கூடாது.

காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து நிற்கிறதா? பல மூட்டுகள் வீங்குகின்றனவா? அது வேறு வாதமாக இருக்கலாம். அதற்குக் களிம்பு போதாது. தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.