கலைக்கல்லூரி செல்லும் தம்பி தங்கையர்க்கு

(சீனன்குடாவில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசை, நடனம், நாடகம், திரைப்படம், ஒலிபரப்பு ஆகிய துறைகளைக் கற்கக் கல்லூரி புகும் மாணவர்க்குச் சில வார்த்தை கூறுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். நாமும் படிப்பு முடியாத பல்கலைக்கழக மாணவரே. ஆதலால் ஆசானாக நின்று பேசவில்லை. ஒரு படி முன்னே ஏறியவர் பின்னே வருபவர்க்குக் கை நீட்டுவதுபோலப் பேசுகின்றோம்.

"துறைமுகத்திலோ மா ஆலையிலோ ஒரு நிரந்தர உத்தியோகம் பார்க்கக் கூடாதா? கூத்தும் பாட்டும் சோறு போடுமா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. அன்பினால் எழும் கேள்வி அது; இகழத்தக்கதன்று. அதனுள்ளே இரண்டு அச்சங்கள் உள்ளன. ஒன்று மதிப்புப் பற்றியது. மற்றது பிழைப்புப் பற்றியது.

முதலாவது அச்சத்துக்கு விடை நம் மாவட்டத்திலேயே உண்டு. 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, துறவி. அவரே சேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒருங்கு ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். பல்லாண்டு உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். துறவி ஒருவர் பல்லாண்டு உழைப்பைக் கொடுத்த கலையை நாம் இழிந்ததென்று சொல்லலாமோ?

இன்று மட்டக்களப்புக் கல்லடியில் அப்பெரியார் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகியவற்றுக்குப் பட்டப்படிப்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இராமநாதன் நுண்கலைப் பகுதி 1960இல் தோன்றிய நிலையத்தின் வழிவந்தது. ஒலிபரப்பு, பத்திரிகை ஆகியவற்றில் நாட்டமுடையோர்க்கு நம் அயலிலே, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், தொடர்பாடற் கற்கை உண்டு. அழகியற் பட்டப்படிப்புகளுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஆகையால் ஆயத்தத்தை உயர்தர வகுப்பிலேயே தொடங்குதல் வேண்டும்.

இனிப் பிழைப்புப் பற்றிய அச்சம். இதற்கு இனிப்பான விடை கூற மாட்டோம். அழகியற் பட்டம் பெற்றோரிற் பலர் அரசாங்க ஆசிரிய நியமனத்தை நோக்கி ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றனர். பட்டம் ஒரு கதவைத் திறக்கலாம். உள்ளே இருத்தி வைக்காது. எனவே கல்லூரியில் இருக்கும் காலத்திலேயே கையில் ஒரு தொழில் ஏறிவிட வேண்டும். நாம் வற்புறுத்திக் கூற வந்தது இந்த ஒன்றையே.

இதற்கு ஓர் உதாரணம் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து, விபுலாநந்த அடிகள் பயின்ற அதே புனித மிக்கேல் கல்லூரியிற் படித்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் வேறு பிரிவில் இடங்கிடையாமையால் ஒளிப்பதிவு கற்கலானார். கிடைத்ததை வெறுக்கவில்லை, 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார். அவர் ஒளிப்பதிவு செய்த 'நெல்லு' என்னும் மலையாளப் படம் திரைக்கு வந்தது 1974இல். அவரே இயக்கிய முதற் படமாகிய 'கோகிலா' வந்தது 1977இல். பதக்கத்துக்கும் முதல் இயக்கத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டும் அவரைத் தாங்கியது ஒளியைப் பற்றிய தொழிலறிவே. மேடையின் நடுவில் நிற்க எல்லாரும் விரும்புவர். விளக்கையும் ஒலிவாங்கியையும் படத்தொகுப்பையும் அறிந்தவனுக்கோ மேடை உள்ள இடமெல்லாம் வேலையுண்டு.

அடுத்தது, நகரத்தைக் கண்டதும் கிராமத்தை மறவாதீர்கள். 1960களிற் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், விடிய விடிய ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்கேற்பச் சுருக்கிக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அளித்தபோது, பல்கலைக்கழக மாணவர் அண்ணாவிமாரிடமே தாளக்கட்டுப் பயின்றனர். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னர்ப் பேராசிரியரானார். புத்தகத்திற் காணாத பல நுட்பங்கள் அண்ணாவியாரின் காலடியில் உள்ளன. விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவற்றைக் கேட்டு எழுதுங்கள். அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள்.

சில்லறையான, ஆனால் அவசியமான சில சொற்கள். ஒத்திகைக்கு நேரந்தவறாது செல்லுங்கள். ஒருவர் பிந்தினால் இருபது பேரின் மாலை வீணாகும். இரவு வேலை மிகுந்த தொழில் இது. மதுவையும் வீண் கூட்டையும் அண்ட விடாதீர்கள். சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகினால் கொழும்பிலும் வேலை கேட்கலாம். "பிறகு பார்ப்போம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி உழைக்க வேண்டாம். செய்யும் வேலையும் பெறும் தொகையும் கடதாசியில் இருக்கட்டும். தங்கைமாரே, வேலைக்கு அழைப்பவர் யார், இடம் எது, உடன் இருப்போர் யார் என்பதை வீட்டார் அறியாமல் எங்கும் செல்லாதீர்கள். பெற்றோரே, இதைக் கேட்டு அவர்களை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். முதல் நாள் கூடச் சென்று பார்த்து வாருங்கள்.

இறுதியாக மன்றத்துப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் கண் விழிக்கும் அடியார்க்காகக் கலை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒரு மணி நேரத்தைக் கலைக்கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கும் பணத்திற் சிறு பங்கை அவர்களுக்கும் கொடுங்கள். பொன்னாடை வேண்டாம், பிழை கண்டால் பிழையென்று சொல்லுங்கள். சொந்த ஊரில் ஒரு மேடையும், நேர்மையான விமர்சனமும், உழைத்ததற்குக் கூலியும் கிடைத்த பிள்ளை எங்கு சென்றாலும் நிமிர்ந்து நிற்கும், "கூத்தும் பாட்டும் சோறு போடுமா?" என்ற கேள்விக்கு விடையின் ஒரு பாதி அப்பிள்ளையின் உழைப்பில் உண்டு, மறு பாதி நம் கையில் உண்டு.