ரப்பர் கையுறையும் தெய்வக் குற்றமும்

(உத்திரமேரூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒரு குழந்தை திருவிழாக் கடையில் வாங்கின பலூனை ஊதுகிறது. சிறிது நேரத்தில் உதடு வீங்குகிறது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்புகிறது. நாம் என்ன செய்கிறோம்? கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோம். வீக்கம் தானாக வடிந்தால் மந்திரித்தவனுக்குப் பெயர். வடியாவிட்டால் தெய்வக் குற்றம். பலூன் எதனால் செய்தது என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

பலூனும், டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் கையுறைகளில் பலவும், மூத்திரம் இறங்கச் செருகும் குழாய்களில் பலவும், கருத்தடைக்கு உபயோகிக்கும் ஆணுறையும் ரப்பர் மரத்துப் பாலில் செய்யப்படுபவை. கன்னியாகுமரி ஜில்லாவில் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பிடிக்கிறார்களே, அந்தப் பால்தான். அதில் சில புரதங்கள் இருக்கின்றன. சிலருடைய சரீரம் அவற்றை விரோதி என்று எடுத்துக்கொள்ளுகிறது. இதற்குத்தான் ரப்பர் பால் அலர்ஜி என்று பெயர். இதில் தேவதையும் இல்லை, கிரகமும் இல்லை.

இது யாருக்கு வருகிறது? ரப்பரோடு அதிகம் பழகினவர்களுக்கு. டாக்டர், நர்சுகளுக்கு வரும். அவர்களையும்விட அதிகமாக, சிறு வயது முதல் பல தடவை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வரும். முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் முதுகில் ஒரு ஆப்பரேஷன்; தலையில் நீர் கோத்தால் ஒன்று; மூத்திரப் பைக்கு ஒன்று; அன்றாடம் குழாய் போடுவது வேறு. ஒவ்வொரு தடவையும் ரப்பர் உடம்புக்குள்ளேயே படுகிறது. முதலில் ஒன்றும் தெரியாது. சரீரம் அடையாளம் கண்டுவைத்துக்கொண்டு, பின்னொரு தடவை எதிர்த்துக் கிளம்புகிறது.

1991-லேயே அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா டாக்டர்களுக்கு இதைப்பற்றி எச்சரிக்கை விடுத்தது. 2017-ல் மாவு பூசிய கையுறைகளையே அங்கு தடுத்துவிட்டார்கள். அந்த மாவு ரப்பர்ப் புரதத்தைச் சுமந்து காற்றில் பரப்புவது அதற்கு ஒரு காரணம்.

மயக்க மருந்தில் கிடக்கிறவன் "எனக்கு அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது" என்று சொல்ல முடியுமா? மேலே துணி மூடியிருப்பதால் தடிப்பும் கண்ணில் படாது. இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். மூச்சுக் குழல் சுருங்கும். உடனே காரணம் கண்டு அட்ரினலின் மருந்து கொடுக்காவிட்டால் உயிரே போகலாம். அப்புறம் "விதி முடிந்தது" என்பார்கள். விதி என்ன செய்தது, தோழர்களே? முன்னால் சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இதை அடியோடு போக்க மருந்து இல்லை. ரப்பர் பாலை விலக்குவதே வழி. அது கலவாத செயற்கைக் கையுறையும் சிலிக்கோன் குழாயும் இருக்கின்றன. முதுகெலும்பு மூடாத குழந்தைக்கு முதல் ஆப்பரேஷனிலிருந்தே இவற்றை உபயோகிக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள்.

ஆகவே தாய்மார்களே, டாக்டர் கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். எத்தனை ஆப்பரேஷன் ஆயிற்று, பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா, கையுறை பட்ட இடம் அரிக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள். வாழைப்பழமோ பப்பாளியோ தின்றால் வாய் அரிக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். அவற்றிலும் ரப்பர்ப் பாலைப் போன்ற புரதங்கள் உண்டு. சந்தேகமிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

சுமார் 1100 வருஷங்களுக்கு முன் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்க் காரியத்துக்கு ஆள் எடுத்ததாக இவ்வூர்க் கல்வெட்டு சொல்லுகிறது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் அந்த ஓலையில் ஏறும். இன்று உங்கள் குழந்தையின் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்ல உங்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு. அலர்ஜி உறுதியானால், "ரப்பர் பால் ஆகாது" என்ற மூன்றே வார்த்தைகளைக் கொட்டை எழுத்தில் எழுதி வாங்குங்கள். தாயத்துக் கட்டுகிற கையில் அந்தச் சீட்டைக் கட்டுங்கள். காப்பாற்றப்போவது அதுதான்.