ஒரு பெயரும் ஒரு கிளையும்



நம் தென்காசிப் பக்கத்துக் கொண்டையங்கோட்டை மறவர் வீடுகளில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால், என்ன கிளை என்றுதான் முதலில் கேட்பார்கள். கிளை தாய்வழியில் வருவது. தகப்பன் கிளை பிள்ளைக்கு வராது. ஒரே கிளைக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எத்தனை தலைமுறை போனாலும் தாயைப் பெற்ற பாட்டியின் கிளை பேத்தியிடம் இருக்கும். இந்த மண்ணில் வளர்ந்த நான் ஓர் அமெரிக்கப் பெண்ணின் வமிசத்தைத் தேடப் போய்த் திகைத்து நின்றேன். அங்கே மணமானதும் பெண்ணின் குடும்பப் பெயர் பெரும்பாலும் போய்விடுகிறது.

அந்தப் பெண், ஹாரியட் லாத்ரப், 1796இல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் பிறந்தவர். 1819இல் மிஷனரி மைரன் வின்சுலோவை மணந்து, அதே ஆண்டு ஜூனில் பாஸ்டனில் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். 1824இல் அங்கே உடுவிலில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மூத்த மகன் 1832இல் அங்கேயே இறந்தான். மறுஆண்டு ஜனவரியில் ஹாரியட்டும் காலமானார். வயது 36. அவருடைய தங்கையர் மூவரும் அதே யாழ்ப்பாண மிஷனுக்கு வந்து பணி செய்தார்கள்.

கணவரின் பெயரைத் தமிழுலகம் அறியும். 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோ அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கு அதுவே அடித்தளம். ஆனால் ஹாரியட்டைத் தேடுகிறவருக்கு அந்தப் புகழே இடறும் கல். ஹாரியட்டுக்குப் பின் வின்சுலோ இன்னும் நான்கு முறை மணம் செய்துகொண்டார். ஆகவே மிஷன் குறிப்புகளில் ‘திருமதி வின்சுலோ’ என்று கண்டால், ஐவரில் யார் என்று ஆண்டை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆண்டைப் பார்க்காமல் எழுதினால் ஒருத்தி பெற்ற பிள்ளை இன்னொருத்தி மடியில் போய் உட்கார்ந்துவிடும்.

வழி காட்டியது ஒரு பெயர். இலங்கையில் பிறந்த மகளுக்கு ஹாரியட் லாத்ரப் வின்சுலோ என்று பெயரிட்டிருந்தார்கள். தாயின் பெயரும், தாய் பிறந்த வீட்டின் பெயரும் அப்படியே மகளிடம் இருந்தன. நம் ஊர்க் கிளையைக் கண்டதுபோல் இருந்தது எனக்கு. அந்த மகள் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற பாதிரியாரை மணந்து, அவரோடு சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்கள் மகன் ஆலன் மேசி டல்லஸும் பாதிரியார். அவருடைய பிள்ளைகளை உலகமே அறியும்: 1953இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், அதே ஆண்டு சிஐஏ தலைவரான ஆலன் டல்லஸ். அவர்களின் அரசியலை நான் ஏற்பவன் அல்லன். இரான், குவாத்தமாலா நாடுகளில் அவர்கள் காலத்தில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகள் பெரிய அநீதி என்பதே என் கருத்து. ஆனாலும் வமிசம் தேடுகிறவன் பிடித்தவர்களை மட்டும் எழுதிக்கொண்டு போக முடியாது. வாஷிங்டனுக்கு அருகே 1962இல் திறந்த விமான நிலையத்துக்கு ஜான் ஃபாஸ்டர் டல்லஸின் பெயர். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய் இறங்கும் தென்காசிக்காரர்களுக்கு, அந்தப் பெயருக்குரியவரின் கொள்ளுப்பாட்டி உடுவிலில் கண்மூடியவர் என்பது தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அமெரிக்கர்கள் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரைத் தொலைத்தாலும் பெண்ணின் சொந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். நாம் கிளையைக் காப்பாற்றினோம், பெயரை விட்டுவிட்டோம். உங்கள் பாட்டியின் தாய்க்கு என்ன பெயர், எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார்? வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கு ராத்திரியே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.