இடுப்புக்குக் கீழே

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதன வதம் முக்கியமான கட்டம். மண்ணைப் பிசைந்து செய்த துரியோதனன், மேலே ஆள் ஏறி ஓடுகிற அளவுக்கு மல்லாந்து கிடப்பான். கண்ணன் தன் தொடையைத் தட்டிச் சாடை காட்டியதும் பீமன் வேஷக்காரர் கதையை ஓங்குவார். அந்த நேரம் பார்த்து, "இடுப்புக்குக் கீழே அடிக்கிறது தர்மமாய்யா?" என்று பின்வரிசையில் ஒரு தாத்தா முணுமுணுப்பார்.

தாத்தாவின் கேள்வி மல்யுத்தத்திலும் உண்டு. கிரேக்க ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலைப் பிடிப்பதுதான் வித்தையே. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கிடைத்தபோது கிடைத்தது ஃப்ரீஸ்டைல் மட்டும்.

அந்த வித்தையில் கைதேர்ந்தவர் ஜப்பானின் யூயி சுசாகி. 1999-இல் சிபா மாகாணத்தில் பிறந்தவர், 50 கிலோ எடைப் பிரிவு. எதிராளியைக் கீழே தள்ளினால் 2 புள்ளி. தள்ளிய கையோடு இரண்டு கணுக்காலையும் பின்னிப் பிடித்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி உருட்டுவார். ஒரு உருட்டுக்கு 2 புள்ளி. நாலு உருட்டு உருட்டினால் கணக்கு பத்து ஆகிவிடும். 10 புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் அதோடு சரி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கினார். உள்நாட்டில் தோற்றிருக்கிறார். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை வெளிநாட்டுக்காரர்களோடு மோதிய 82 ஆட்டங்களிலும் ஒருவராலும் அவரைச் சாய்க்க முடியவில்லை.

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ். முதல் சுற்றிலேயே எதிரே வந்தவர் நம் வினேஷ் போகட். அன்று வினேஷ் செய்தது ஒன்றே ஒன்றுதான்: காலைக் கொடுக்கவில்லை. குனிந்து, கையை முன்னே நீட்டி, எட்டவே விடாமல் நின்றார். தாக்காமல் நின்றதற்காக நடுவர் இரண்டு முறை சுசாகிக்குப் புள்ளி கொடுத்தார். 0-2. பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும் ஆட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். கடைசிச் சில வினாடிகள் இருக்கையில் வினேஷ் பாய்ந்து அவரைச் சாய்த்தார். ஜப்பான் தரப்பு முறையிட்டது. முறையீடு தள்ளுபடி, அதற்கும் ஒரு புள்ளி அபராதம். 3-2.

மறுநாள் காலை 100 கிராம் எடை கூடிப்போனதால் இறுதிப் போட்டிக்கு வந்திருந்த வினேஷ் தகுதி இழந்த கதையை வீட்டுக்கு வீடு பேசினோம். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த அமளியில், அதே நாள் சுசாகி மறுபடி பாயில் இறங்கியதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. முதல் சுற்றில் தன்னை வென்றவர் இறுதி வரை போனால்தான் தோற்றவருக்கு வெண்கலத்துக்கு ஒரு வாய்ப்பு. வினேஷ் போனார், அதனால் கதவு திறந்தது. எதிரே உக்ரைனின் ஒக்சானா லிவாச். முந்தின நாள் வினேஷிடம் 7-5 என்று போராடித் தோற்றவர்.

சுசாகி 10-0 என்று முடித்தார். வெண்கலம்.

அடுத்த ஆண்டு ஸாக்ரெப் நகரில் உலகப் பட்டத்தை ஐந்தாம் முறையாக வாங்கினார்.